பூனையின் பாதம் ஒப்புக்கொள்ளும் மணல்

வேளச்சேரியில் நான்காம் மாடி அடுக்ககம், மூன்று வயதுப் பெர்சியக் கலப்புப் பெட்டைப் பூனை. அதன் கழிப்பிடத் தட்டில் போட்ட, லாவண்டர் வாசம் சேர்த்த, நனைந்தால் கட்டியாகும் மணலில் அது தும்மிக்கொண்டே இருந்தது. சிலிக்காப் படிகத்துக்கு மாற்றினீர்கள். உள்ளே கால் வைக்காமல் தட்டின் விளிம்பில் நின்றபடி சிறுநீர் கழித்தது. பைன் மரக் குச்சிகளுக்கு மாற்றியதும் தட்டையே கைவிட்டுவிட்டது. இப்போது குளியலறைத் தண்ணீர்த் துளையின் ஓரமும் வாசல் மிதியடியும்தான் அதற்குக் கழிப்பிடம். காலை உதறுகிறது, விரலிடுக்குகளை ஓயாமல் நக்குகிறது. “இவ்வளவு பிடிவாதக்காரிக்கு உறுத்தாத, மென்மையான மணல் எது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசனை எதுவும் சேர்க்காத, தூசு குறைந்த, ரவையைவிட நுண்ணிய, பெண்டோனைட் என்ற களிமண்ணால் ஆன மணலை வாங்குங்கள். அந்தத் தூசும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், சோயாச் சக்கையில் செய்து நொறுக்கிய தோஃபு மணலுக்குப் போங்கள். ஆனால் பணத்தைச் செலவழிப்பதற்கு முன் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று மருத்துவர், மற்றொன்று உங்கள் வீட்டுப் பினாயில் பாட்டில். அவற்றுக்கு வருகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். கடைகளில் இதை ‘கேட் லிட்டர்’ என்கிறார்கள். சில பைகளின் அளவும் லிட்டரில்தான் அச்சாகியிருக்கும். ‘ஆறு லிட்டர் லிட்டர்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. அதனால் களிமண்ணோ மரமோ சோயாவோ, எல்லாவற்றையும் நான் மணல் என்றே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். பத்தொன்பது ஆண்டுகளாகப் பூனைகளோடு வாழ்கிறேன். தெருவில் அடிபட்டும் கைவிடப்பட்டும் வருபவற்றைத் தத்துக் கொடுக்கும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தட்டை மறுத்த பூனைகள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை.

முதலில் மருத்துவர். பூனை தட்டை விட்டு வெளியே போனால் சிறுநீர்ப் பையையும் சந்தேகிக்க வேண்டும். பூனைகளுக்கு இன்ன காரணம் என்று பிடிபடாத சிறுநீர்ப் பை அழற்சி அடிக்கடி வரும். சிறுநீரில் படிகங்கள் சேர்வதும் உண்டு. எரிச்சலோடு சிறுநீர் கழித்த இடத்தைப் பூனை அந்த வலியோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். ‘இந்த மணலில் நின்றால் வலிக்கிறது’ என்று அது முடிவு கட்டிவிட்டால், எவ்வளவு மென்மையான மணலைக் கொட்டினாலும் அருகில் வராது. சாக்கடைத் துளை, குளிர்ந்த டைல்ஸ், சலவைக்குப் போட்ட துணி என்று புதிய இடங்களைத் தேடும். உங்கள் பூனை செய்வது இதுவாகவும் இருக்கலாம். ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சொட்டுச் சொட்டாகப் போகிறதா, இளஞ்சிவப்பு நிறம் தெரிகிறதா, போகும்போது கத்துகிறதா என்று கவனித்து வைத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.

இதைப் படிப்பவர்களில் கடுவன் பூனை வளர்ப்பவர்கள் இருந்தால் இன்னொன்று. கடுவன் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், அன்று மணலைப் பற்றி யோசிக்காதீர்கள். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் ஞாயிறானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பாதத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். விரலிடுக்கை நக்குகிறது என்றதும் மணல் ஒவ்வாமை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பூனைகளின் தோல் அரிப்புக்குத் தெள்ளுப்பூச்சியும் உணவும்தான் பெரும்பாலும் காரணம். பூஞ்சைத் தொற்றும் உண்டு. பாதத்தின் மெத்தைப் பகுதி தலையணை போல உப்பி மெத்தென்று ஆகும் ஒரு நோயும் இருக்கிறது. அது மணலால் வருவதன்று. நான்கு பாதங்களிலும் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் சிவந்திருந்தால், அப்போது தொடுபொருளைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. தொடுபொருள் என்றால் மணல் மட்டுமன்று, தரையும்தான்.

இங்கேதான் பினாயில் வருகிறது. நம் வீடுகளில் தரை துடைப்பதென்றால் பினாயில், கிருமி போவதென்றால் டெட்டால். கறுப்புப் பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் ஃபீனால் வகைப் பொருள்களால் ஆனது. வெள்ளைப் பினாயிலின் மணம் பைன் எண்ணெயினுடையது. டெட்டாலில் இருப்பது குளோரோசைலினால். அதுவும் ஃபீனால் குடும்பம்தான். மனிதக் கல்லீரலும் நாயின் கல்லீரலும் இவற்றைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியே அனுப்பிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவு. பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடுவதற்குப் பின்னாலும் இந்தக் குறைபாடுதான் இருக்கிறது. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனை, பாதத்தில் ஒட்டியதையெல்லாம் விழுங்குகிறது. செறிவான கரைசல் பட்டால் உள்ளங்கால் தோலே வெந்துபோகும்.

தட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுத்தத்தின் மேல் உள்ள அக்கறையில் செய்கிறார்கள். அந்த மணம் பிளாஸ்டிக்கில் ஏறி நாள்கணக்கில் நிற்கும். நமக்குத் தெரியாது, பூனைக்குத் தெரியும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரில் இருக்கும் அமோனியாவோடு அது சேரும்போது எழும் குளோரமைன் வாயு உங்கள் நுரையீரலுக்கும் கெடுதல். வாடைக்காகச் சிலர் தட்டருகில் அந்துருண்டையும் கற்பூரமும் வைக்கிறார்கள். இரண்டும் பூனைக்கு நஞ்சு, இன்றே எடுத்துவிடுங்கள். தட்டு கழுவ வெந்நீரும் வாசனை குறைந்த பாத்திரச் சோப்பும் போதும். கழுவி வெயிலில் காய வையுங்கள். தட்டு வைத்திருக்கும் அறையின் தரையையும் அதே போல வெறும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். நீங்கள் மூன்று மணல்களையும் மாற்றியபோது, தட்டைக் கழுவிய திரவத்தை ஒரு முறையாவது மாற்றினீர்களா? உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குள் முதலில் எழுந்த சந்தேகம் அதுதான்.

சரி, மணலுக்கு வருவோம். பூனை ஏன் இவ்வளவு பார்க்கிறது? வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. வறண்ட மண்ணில் வாழ்வது. தளர்ந்த, பொடியான மண்ணைத் தோண்டி, கழித்து, மூடிவிட்டுப் போவது அதன் இயல்பு. உள்ளங்காலின் மெத்தைப் பகுதியில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இருட்டில் இரை தேடும் விலங்குக்கு அவை வேண்டும். அந்தப் பாதத்துக்கு ஒரு செ.மீ. நீளமுள்ள மரக் குச்சிகள் மேல் நிற்பது, நாம் வெறுங்காலோடு ஜல்லிக் குவியல் மேல் நிற்பது போல. அதனால் பிடிவாதக்காரி என்ற பட்டத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். தட்டின் விளிம்பில் நின்றுகொண்டாவது உள்ளேயே கழித்ததே, அது உங்களுக்காக அந்தப் பூனை எடுத்த முயற்சி.

தட்டில் பூனை நடந்துகொள்வதைப் பார்த்தே அதன் கருத்தை அறியலாம். பிடித்த மணலில் அது நான்கு கால்களையும் வைத்து நின்று, முகர்ந்து, நிதானமாகக் குழி பறித்து, முடித்ததும் திரும்பி மூடும். பிடிக்காத மணலில் தோண்டாது. மூடுவதற்குப் பதில் சுவரையோ தட்டின் பக்கவாட்டையோ பிறாண்டும். முடித்ததும் சூடு பட்டது போலத் துள்ளி ஓடும்.

இன்று கடையில் கிடைக்கும் மணலின் கதையைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். கடை மணல் வருவதற்கு முன்பெல்லாம் பூனை வளர்த்தவர்கள் மணலையோ அடுப்புச் சாம்பலையோதான் வைத்தார்கள். வறுமையைச் சொல்ல ‘அடுப்பில் பூனை தூங்குகிறது’ என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆறிப்போன சாம்பலின் மேல் பூனைக்கு இருக்கும் ஆசையைக் கண்டவர்கள் கட்டிய சொல் அது. பொடியாக, மெத்தென்று இருப்பதால் பூனைக்குச் சாம்பல் பிடிக்கும். ஆனால் விறகுச் சாம்பல் நனைந்தால் காரமாகும். பாத்திரம் துலக்க அது உதவியதே அந்தக் காரத்தால்தான். ஈரப் பாதத்தில் ஒட்டினால் எரியும். கிராமத்தில் உறவினர் யாராவது சாம்பலைச் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் பூனைக்காக மணல் கேட்டு வந்தார். குளிரில் அவர் வீட்டு மணல் உறைந்துபோயிருந்தது. சாம்பலைப் போட்டால் வீடெங்கும் கரும்பாதச் சுவடுகள். லோவின் குடும்பம் தொழிற்கூடங்களுக்கு உறிஞ்சுபொருள்கள் விற்றுவந்தது. தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காக வைத்திருந்த ஒரு வகைக் களிமண்ணை அவர் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண்ணுக்கும் பூனைக்கும் பிடித்துப்போகவே, 5 பவுண்டுப் பைகளில் அடைத்து ‘கிட்டி லிட்டர்’ என்று எழுதி 65 செண்டுக்கு விற்கத் தொடங்கினார். அந்தக் களிமண் வேறொன்றுமில்லை. நம் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி அதே வகையைச் சேர்ந்தது. அது ஈரத்தை உறிஞ்சும், கட்டியாகாது. 1980-களில் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பெண்டோனைட் களிமண்ணைப் பயன்படுத்திக் கட்டியாகும் மணலைக் கொண்டுவந்தார். நனைந்த இடம் மட்டும் உருண்டையாகத் திரள, அதை மட்டும் அள்ளி எறிந்துவிடலாம் என்றானது.

பெண்டோனைட் இந்தியாவிலேயே கிடைக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மேரிலும் தோண்டியெடுக்கிறார்கள். சோடியம் மிகுந்த வகை தண்ணீர் பட்டதும் பன்மடங்கு உப்பி, இறுகிய கட்டியாகும். கால்சியம் மிகுந்த வகை அவ்வளவு உப்பாது. கட்டி உதிர்ந்து, சிறுநீர் ஊறிய துகள்கள் தட்டு முழுவதும் பரவும். பூனையின் கால் ஈரமான சேற்றில் படுவது இந்த மட்டமான மணலில்தான். ‘இந்த மணல் உறுத்துகிறது’ என்று நாம் நினைக்கும் பல நேரங்களில், உறுத்துவது மணலில் தேங்கிய சிறுநீர்.

பூனைகளுக்குப் பல மணல்களை ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்த சோதனைகளில், பெரும்பாலானவை நுண்ணிய, கட்டியாகும் களிமண்ணையே தேர்ந்தன. என் வீட்டிலும் அதுவே அனுபவம். ஆகவே களிமண்ணை முற்றிலும் ஒதுக்கிவிட்டு ‘இயற்கை மணல்’ தேடி ஓட வேண்டியதில்லை. களிமண்ணும் இயற்கைதான். ஒதுக்க வேண்டியவை வாசனையும் தூசும்.

தூசைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். களிமண்ணில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் கலந்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் குவார்ட்ஸ் தூசைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்தது. அது சுரங்கத்திலும் கல்லுடைக்கும் இடத்திலும் ஆண்டுக்கணக்காக மூச்சில் இழுப்பவர்களை வைத்துச் சொன்னது. ஒரு தட்டு மணலுக்காக நீங்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் பூனையின் மூக்கு மணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, குழி பறிக்கும்போது அதைவிட அருகில். பெர்சியப் பூனைக்கு மூக்கு சப்பை, கண் வெளியே துருத்தியது, கண்ணீர்க் குழாயும் வளைந்தது. மற்ற பூனை பொறுத்துக்கொள்ளும் தூசில் அது தும்மும், கண்ணில் நீர் வழியும். ஆஸ்துமா இருக்கும் பூனைக்கு இழுப்பே வந்துவிடும். கழுத்தை நீட்டித் தரையோடு தாழ்ந்து இருமுகிறது என்றால் முடியுருண்டையைக் கக்கப் பார்க்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

பையில் ‘99 சதவீதம் தூசற்றது’ என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். சிறு பை ஒன்றை வாங்கி வந்து, அறையை இருட்டாக்கி, கைபேசியின் டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் மணலை ஒரு முழ உயரத்திலிருந்து தட்டில் கொட்டுவேன். ஒளிக்கீற்றில் எழும் புகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எண்பது எண்ணுவதற்குள் அடங்கிவிட்டால் நல்ல மணல். மூன்று நிமிடமாகியும் மிதந்துகொண்டிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்து, ஒரு பிடியைக் கறுப்புத் துணியில் தேய்த்து உதறிப் பார்ப்பேன். பிறகு தட்டில் இரண்டு அங்குலம் நிரப்பி, வெறுங்காலோடு அதன் மேல் ஏறி நிற்பேன். என் உள்ளங்காலுக்கே குத்துகிறதென்றால் பூனையைக் கேட்க வேண்டியதே இல்லை. கடைசியாக அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துக் கட்டியை அள்ளிப் பார்ப்பேன். உடையாமல் வந்தால் தேறியது.

நல்ல மணலிலும் பையின் அடியில் தூசு தங்கும். கடைசி இரண்டு பிடியைத் தட்டில் போடாமல் விட்டுவிடுங்கள். மணல் கொட்டும்போதும் அள்ளும்போதும் பூனையை அந்த அறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

வாசனை விஷயத்தில் எனக்குச் சமரசமே இல்லை. லாவண்டர், எலுமிச்சை, காபி, மல்லிகை என்று நிறம் நிறமாகப் பைகள் வருகின்றன. அவை எல்லாம் வாங்கும் நம் மூக்குக்காகச் செய்தவை. பூனையின் முகரும் ஆற்றல் நம்முடையதைவிடப் பல மடங்கு. எலுமிச்சை வகை மணங்களைப் பூனைகள் வெறுக்கும். சோபாவைப் பிறாண்டாமல் இருக்க ஆரஞ்சுத் தோல் வைக்கச் சொல்வார்களே, அதே மணத்தைக் கழிப்பிடத்தில் வைத்து ‘வா’ என்றால் எப்படி வரும்? வாடையைப் போக்கும் வழி தினமும் இரு வேளை அள்ளுவது ஒன்றுதான். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவர் அள்ளக் கூடாது, வேறொருவர் செய்ய வேண்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து ஒரு நாளாவது கடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகின்றன. தினமும் அள்ளுவதன் இன்னொரு பயன் இது.

தோஃபு மணல் என்பது சோயாப் பாலைப் பிழிந்த பிறகு எஞ்சும் சக்கையை ஸ்டார்ச்சோடும் கோந்தோடும் பிசைந்து இடியாப்பம் போலப் பிழிந்து வெட்டியது. தூசு மிகக் குறைவு. பூனை தின்றாலும் பெரிய கெடுதலில்லை. தும்மும் பூனைக்கு இதுவே என் முதல் சிபாரிசாக இருந்திருக்கும், வடிவம்தான் தடை. இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் நீள நீளமாக வருபவற்றைப் பாதம் நுண்ணிய பூனைகள் ஏற்பதில்லை. ‘நொறுக்கியது’ என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சலித்துக்கொள்ளலாம். நான் செய்திருக்கிறேன். அந்த ஜாரைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். சென்னைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோஃபு நமத்துப்போய்ப் புளித்த வாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். பிரித்த பையை அரிசிக்குச் செய்வது போல இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்; மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தட்டை முழுவதும் காலி செய்யுங்கள். விலையும் களிமண்ணைவிடக் கூடுதல். தோஃபுவையும் பெண்டோனைட்டையும் கலந்த மணலும் இப்போது வருகிறது. நொறுங்கிய தோஃபு கிடைக்காதவர்களுக்கு அது நடுவழி.

சிலிக்காவைப் பற்றிச் சுருக்கமாக. அது குவார்ட்ஸ் அன்று, மருந்துப் புட்டிகளில் போடும் ஈரமுறிஞ்சி ஜெல்லின் பெரிய வடிவம், தூசும் குறைவு. ஆனால் முனைகள் கூராக இருக்கும், சிறுநீர் பட்டதும் சடசடவென்று சத்தம் வரும். கூச்சமுள்ள பூனைக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும். பைன் குச்சிகளைப் பொறுத்தவரை, சூளையில் உலர்த்தியதா என்று பையில் தெளிவாக இல்லாதவற்றை வாங்காதீர்கள். உலர்த்தாத பைனில் பிசினும் ஃபீனாலும் தங்கியிருக்கும். காகித உருண்டைகள் அறுவை சிகிச்சை முடிந்த பூனைக்கும், மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் ஏற்றவை. குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். கட்டியாகும் களிமண்ணை அவற்றுக்கு வைக்கவே கூடாது, வயிற்றில் போய் உப்பிக்கொள்ளும்.

செலவைக் குறைக்க வீட்டிலேயே வழி உண்டா என்று பலர் கேட்பார்கள். இருக்கிறது. சலித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காய வைத்த ஆற்று மணலைப் பூனைகள் விரும்பி ஏற்கும். கட்டியாகாது, கனம் அதிகம், அடிக்கடி மாற்ற வேண்டும், ஆனால் உறுத்தாது. கட்டட வேலைக்கு வரும் எம் சாண்ட் வேறு பொருள். பாறையை உடைத்து எடுத்தது, விளிம்புகள் கூரானவை, பொடித்தூசும் மிகுதி. அது வேண்டாம். நெல் உமியும் வேண்டாம், முனை குத்தும். மரக்கடைத் தூளில் பிளைவுட் பசையும் வார்னிஷும் கலந்திருக்கும். தென்னை நார்த் துகள் ஈரத்தை அபாரமாக உறிஞ்சும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் பெர்சிய முடியில் ஒட்டி வீடு முழுக்கப் பழுப்புக் கோலம் போட்டுவிடும்.

ஒரு முறை கால்கள் வெந்த நிலையில் ஒரு கிழட்டுப் பூனை என்னிடம் வந்தது. தாரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆறிய பின்னும் எந்த மணலிலும் கால் வைக்க மறுத்தது. மொட்டை மாடித் துளசித் தொட்டியில் மட்டும் போனது. தொட்டியிலிருந்து இரண்டு பிடி மண்ணை எடுத்து நுண்ணிய பெண்டோனைட்டின் மேல் தூவினேன். அன்றிரவே தட்டில் இறங்கியது. ஒவ்வொரு நாளும் மண்ணைச் சிறிது குறைத்து, மூன்று வாரத்தில் வெறும் பெண்டோனைட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் பூனை மண்ணையே பார்க்காத நான்காம் மாடிப் பூனையாக இருக்கலாம். ஆனாலும் முயற்சி செய்து பாருங்கள்; உரமும் பூச்சிமருந்தும் போடாத மண்ணாக மட்டும் இருக்கட்டும்.

இனிச் செய்முறை. இரண்டு மாதத்தில் மூன்று முறை முழுத் தட்டையும் மாற்றினீர்கள்; பூனைக்குத் திரும்பிப் போகப் பழைய இடமே இல்லாமல் போயிற்று. இந்த முறை இரண்டு தட்டுகளை அருகருகே வையுங்கள். ஒன்றில் வாசனையற்ற நுண்ணிய பெண்டோனைட், மற்றதில் நொறுக்கிய தோஃபு. இரண்டிலும் ஒரே ஆழம், இரண்டு மூன்று அங்குலம். தினமும் காலை மாலை அள்ளும்போது எந்தத் தட்டில் எத்தனை கட்டி என்று நாட்காட்டியில் குறித்துவாருங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை தட்டுகளை இடம் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் அது தேர்ந்தது மணலையா இடத்தையா என்று தெரியாது. இரண்டு வாரத்தில் பூனையே தீர்ப்பைச் சொல்லிவிடும். தீர்ப்பு வந்த பிறகு மணலின் பிராண்டை மலிவு விலை கண்டு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டும் பெரிதாக வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. செல்லப்பிராணிக் கடையில் விற்கும் தட்டுகள் பலவும் அந்த அளவுக்கு வராது. துணி ஊற வைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பை வாங்கி, ஒரு பக்கம் மட்டும் உயரத்தைக் குறைத்து வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். மூடி போட்ட தட்டில் தூசும் அமோனியாவும் உள்ளேயே சுழலும். சப்பை மூக்குப் பூனைக்கு அது வேண்டாம். சத்தம் போடும் சலவை இயந்திரத்தின் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

உங்கள் பூனையின் விரலிடுக்கு முடியை மாதம் ஒரு முறை மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் கத்தரித்துவிடுங்கள். நீள்முடிப் பூனைகளில் ஈர மணல் அந்த முடியில் சிக்கிக் காய்ந்து கல்லாகி, ஒவ்வொரு அடியிலும் குத்தும். உதறுவதற்கும் நக்குவதற்கும் அதுவே முழுக் காரணமாக இருந்துவிடலாம். பின்தொடை முடிக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

குளியலறைத் துளையையும் மிதியடியையும் என்ன செய்வது? மிதியடியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதில் ஏறிய வாடை துவைத்தாலும் போகாது. துளையைச் சுற்றிலும் நொதி கலந்த சுத்தப்படுத்தியால் கழுவி, சில நாள்கள் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்க விடுங்கள், அல்லது கதவைச் சாத்தி வையுங்கள். அருகருகே வைக்கும் அந்த இரண்டு தட்டுகளையும் குளியலறைக் கதவருகே வையுங்கள். அது பழகிய பிறகு நாளுக்கு ஓரடியாக நகர்த்திக்கொள்ளலாம். தவறிய இடத்துக்குப் பூனையைத் தூக்கிப்போய் முகத்தைத் தேய்ப்பதோ திட்டுவதோ கூடாது. தட்டைக் கண்டு பயந்த பூனை உங்களைக் கண்டும் பயப்படும்.

மீதமிருக்கும் மூன்று பைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பைன் குச்சிகளை நனைத்தால் உதிர்ந்து தூளாகிவிடும். பூந்தொட்டிகளின் மேல் மூடாக்காகப் போடலாம். சிலிக்காவைச் சிறு துணிப் பைகளில் கட்டி மழைக்காலத்துக்குப் புத்தக அலமாரியில் வையுங்கள். லாவண்டர் மணலை உங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தரையில் ஒழுகிய எஞ்சின் எண்ணெயின் மேல் தூவி ஒரு நாள் விட்டுப் பெருக்கினால் கறை எழுந்துவிடும்; எட் லோவின் கிடங்கில் களிமண் காத்துக் கிடந்ததும் அந்த வேலைக்காகத்தான்.